கத்தரிக் கன்றுக்கு வைத்த நிழல்

ஆவணி, ஞாயிறு

இன்று என் மனுசனின் எட்டுச் செலவு, செத்த எட்டாம் நாள் சடங்கு, முடிந்தது. கம்பஸில் படிக்கும் மகள் ஃபோனில் எதையோ வாசித்துவிட்டு, "அம்மா, சூரியனுக்கும் பூமிக்கும் நடுவிலை ஒரு மறைப்பு வைச்சு வெக்கையைக் குறைக்கலாமாம்" என்றாள்.

"எப்ப வைப்பினம்?"

"தெரியேல்லை. இன்னும் யோசிக்கினம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. எழும்பித் தோட்டத்துக்குப் போனேன். அவர் வெயிலில் விழுந்து செத்த அன்று நட்ட கத்தரிக் கன்றுகள் வாடிக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓலைத் துண்டு குத்தி நிழல் வைத்திருந்தார். கடைசி நாலு கன்றுக்கு மட்டும், தலையில் கட்டிக்கொண்டு போன துவாயை அவிழ்த்துத் தடிகளில் விரித்திருந்தார்.

அன்று அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. "இஞ்சாரப்பா, இன்னும் நாலு ஓலை கொண்டு வாரும்."

"பொறுங்கோ, சோறு வடிச்சிட்டு வாறன்" என்றேன்.