உப்புக் கலந்த ஐஸ்

ஒஸ்லோ, 9 மார்ச் 2024. இன்று எனக்கு அறுபத்தெட்டு வயதும் பதினொரு நாள்களும்.

அன்புள்ள யோசேப்,

நலமாயிருப்பீர்கள், முழங்காலுக்கு எண்ணெய் பூசியிருக்க மாட்டீர்கள்.

நேற்று எங்கள் ஆய்வுகூடத்தின் உறைபெட்டி பழுதானது. உள்ளே, ஆய்வுக்கென்றே பக்டீரியாவில் வளர்த்தெடுத்த மனிதப் புரதம் ஒரு சிறு குப்பியில் இருந்தது. உருகினால் ஓராண்டு உழைப்பு வீண். நம் ஊர்ப் பேசாலைக் கரையில் நீங்கள் மீனுக்குச் செய்வதுபோலவே, ஐஸை நொறுக்கி உப்புக் கலந்து குப்பியைப் புதைத்தேன்.

"அன்ரி, இதென்ன மீனோ?" என்றாள் உடன் வேலைசெய்யும் கிருஷிகா.

"மீனெண்டால் நான் இப்பிடி ஓடமாட்டன், பிள்ளை. உப்பை எடு!"

இன்று சோதித்தோம், புரதம் பழுதில்லை. எனக்காகக் கேக் வெட்டினார்கள். சீனி அதிகம்.

பாரைக் கருவாடு அனுப்புங்கள், ஒருத்திக்குப் போதுமான அளவு.

தரிப்பிடத்தில் இருந்து எழுதுகிறேன், பஸ் வருகிறது. நாற்பது ஆண்டு இல்லறத்தில் உங்களிடம் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன்: நம் கல்யாணப் பேச்சு பங்குத்தந்தையின் யோசனையன்று. கரையில் நீங்கள் ஐஸ் அடுக்கிய அழகைப் பார்த்து, நானே அவரை உங்கள் வீட்டுக்கு அனுப்பினேன்.

அன்ரோனெற்