கால்மிதிக்கு வெட்டிய கண்டாங்கி

மே 9, சனி

வெயில் தாங்கவில்லை. பள்ளி ஆபீஸில் அட்மிஷன் வேலை மதியத்தோடு முடிந்தது. வந்ததும் ஒரு சொம்பு மோர். பிறகு மெஷின்.

இதுவரை தைத்தவை, எல்லாம் வெட்டுத்துணி, துண்டோடு துண்டு ஒட்டியது:

பிடிதுணி – 4. ஒன்று கோணல்.
மிக்ஸி உறை – 1.
பிரிட்ஜ் கைப்பிடிக்கு – 1.
தலையணை உறை – 2. டெய்லர் கடையில் கொடுத்த ஜாக்கெட் துணி மிச்சத்தில்.
கால்மிதி – 1. இன்று முடித்தேன். அடுக்களை வாசலில் போட்டாயிற்று.

கால்மிதிக்குத் துணி பரணில் கிடந்த பையிலிருந்து. அரக்கில் மஞ்சள் கட்டம், கண்டாங்கி. அடியில் பழைய லுங்கி, இரண்டு மடிப்பு. நல்ல கனம். நான்கு மூலையும் சரியாக உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

எதிர்வீட்டு வள்ளிக்கண்ணு அக்கா எட்டிப் பார்த்தது. “என்ன அமுதா, மிக்ஸிக்குச் சட்டை, பிரிஜ்ஜுக்குச் சட்டை. எங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு தச்சுக் குடு. வெறும் ஒடம்போடதான் திரியிறாக.”

என் வீட்டுக்காரர் ராத்திரி கடையிலிருந்து வந்து, அந்தக் கால்மிதிமேல் நின்றுதான் கை கழுவினார். மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கை, சீக்கிரம் கறுப்புப் போகாது.

“புதுசா இருக்கு?”

“மிதியடி.”

“ம்.”

அவ்வளவுதான். நூல் வாங்க வேண்டும். வெள்ளை, அரக்கு.

மே 16, சனி

நந்தினி வந்தாள். மதுரையிலிருந்து முதல் பஸ். நர்ஸிங் மூன்றாம் வருஷம், அடுத்த வாரம் பரீட்சை. கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது. ஹாஸ்டல் சாப்பாடு.

குளித்துவிட்டு ஈரக்காலோடு அடுக்களைக்கு வந்தவள் கால்மிதியில் நின்றாள். கீழே பார்த்தாள். சட்டென்று காலை எடுத்துவிட்டாள், சுட்டது மாதிரி. குத்தவைத்து உட்கார்ந்து அதைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மறுபடி இந்தப் பக்கம்.

“சித்தி, இந்தத் துணி ஏது?”

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பாமலே சொன்னேன். “அப்பாதான் பரண்லேர்ந்து எடுத்துக் குடுத்தாரு.”

“இது அம்மா சேலை.”

“ஐயையோ. எனக்குத் தெரியாதே கண்ணு.”

அவள் கால்மிதியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். சோப்புப் போட்டு அவளே துவைத்துக் கொடியில் காயப்போட்டாள். சாப்பிட வந்தாள், சாப்பிட்டாள். ரசம் நன்றாக இருக்கிறது என்றாள்.

இரண்டு பொய். வரிசையாக எழுதிவிடுகிறேன், இங்கேயாவது.

ஒன்று. அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. “பரண்ல கெடக்குற பழைய துணிய எடுத்துக்கிறவா?” என்று கேட்டேன். போனைப் பார்த்துக்கொண்டே “எடுத்துக்க” என்றார். ஏறியது நான். பையைப் பிரித்தது நான்.

இரண்டு. தெரியும். பார்த்தவுடனே தெரியும். ஹாலில் மாட்டியிருக்கிற காந்திமதி போட்டோவில் அந்தச் சேலைதான். அவள் போய் ஒன்பது வருஷம். நான் இந்த வீட்டுக்கு வந்து ஐந்து வருஷம். வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கண்ணாடியைத் துடைத்துப் பூ வைப்பது நான். கட்டம் எத்தனை விரல் அகலம் என்றுகூடத் தெரியும்.

மே 17, ஞாயிறு

கடைக்கு லீவு. பன்னிரண்டு மணிக்கு நந்தினி அவரிடம் கேட்டாள். நான் அடுக்களையில் இருந்தேன். மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

“அப்பா, அம்மா சேலைய எடுத்து மிதியடிக்குக் குடுத்தீகளா?”

நாற்காலி நகர்ந்த சத்தம். பிறகு அவர். “எந்தச்... ஆமாம்மா. பழைய துணிதான்னு நெனச்சேன். கவனிக்கல. தப்புத்தான்.”

“பாத்துமா தெரியல?”

“தப்புத்தாம்மா.”

அவர் அப்படித்தான். ‘எடுத்துக்க’ என்று சொன்னது ஞாபகம் வந்திருக்கும். சொன்னதால் கொடுத்ததும் தான்தான் என்று நினைத்துக்கொண்டார். அந்த நேரம் நான் ஹாலுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து எட்டு வைத்தால் போதும். போகவில்லை. மிக்ஸியைத் திரும்பப் போட்டேன்.

சாயங்காலம் போவதாக இருந்தவள் இரண்டு மணி பஸ்ஸுக்கே கிளம்பினாள். மாவடு ஊறுகாய் கட்டி வைத்திருந்தேன். எடுத்துக்கொள்ளவில்லை. மறந்தாளா, விட்டாளா தெரியவில்லை. அவர் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். ஆட்டோவில் போனாள்.

கால்மிதி கொடியிலேயே கிடந்தது. திரும்பத் தரையில் போட முடியாது. பீரோவில் வைத்தேன். என் சேலைகளுக்கு மேல் வைத்தேன், பிறகு கீழே வைத்தேன், பிறகு தனித் தட்டில்.

மே 19, செவ்வாய்

ஆபீஸில் டி.சி. நாற்பது எழுதினேன். இரண்டில் அப்பா பெயரை மாற்றி எழுதிவிட்டேன். கிழித்துத் திரும்ப.

ஏன் செய்தேன்?

அந்தப் பையில் வேறு துணி இருந்தது. பழைய பெட்ஷீட் மூன்று, பூப்போட்ட நைட்டி, நந்தினியின் பள்ளி யூனிபார்ம் பாவாடை. கால்மிதிக்கு யூனிபார்ம் துணிதான் தோது. அதைத் தனியாக எடுத்துவைத்தேன். சேலையை எடுத்தேன். தலையணை உறைக்குப் போட்டிருக்கலாம். திரைச்சீலைக்கு ஓரம் வைத்திருக்கலாம். மிதிக்கிறதுக்கு எடுத்தேன்.

சேலையை எடுத்த அன்று காலையில் சிலிண்டர் வந்தது. கேஸ் புத்தகம் இன்னும் காந்திமதி பெயரில்தான். மாற்ற வேண்டும் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அவர் தலையாட்டிக்கொண்டே இருக்கிறார். சிலிண்டர்காரர் தெருவிலிருந்து கத்துவார்: “காந்திமதி வீடு!” நான் “ஆமா” என்பேன். ஐந்து வருஷமாக. அன்றைக்குப் புதுப் பையன். கையெழுத்துக்கு நோட்டை நீட்டி, “நீங்கதான காந்திமதி?” என்று கேட்டான். ஆமா என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அவள் பெயரில்.

அப்புறம்தான் பரணில் ஏறினேன்.

நல்ல பருத்தி. கத்தரி வழுக்கிக்கொண்டு போயிற்று. சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்: வெட்டும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. தைக்கும்போது அதை நினைக்கவில்லை. மூலையைத்தான் நினைத்தேன்.

செத்தவள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் என்ன செய்தாள் எனக்கு.

மே 21, வியாழன்

புழுக்கம். மழை வருகிற மாதிரி இருட்டிவிட்டு ஏமாற்றியது.

அவர் இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார். “நந்து போன எடுக்க மாட்டேங்குது. பரீட்சை நேரம், அதான்.”

“அதாத்தான் இருக்கும்” என்றேன்.

எனக்கு மெஸேஜ் போடுகிறாள். ‘சாப்டேன் சித்தி.’ ‘சைல்ட் ஹெல்த் ஈஸி.’ நேற்று ஒரு சிரிப்புப் பொம்மைகூட. அவர் முன்னால் போனைப் பார்க்க முடியவில்லை. கவிழ்த்து வைத்தேன்.

கடையில் ஒரு மோட்டாருக்கு நம்பர் மாற்றி, வேறு கனத்துக் கம்பியைச் சுற்றிவிட்டாராம். கம்பியைத் தடவிப் பார்த்தே நம்பர் சொல்கிற மனுஷர்.

“அந்தத் துணிய நான் ஒரு தடவ பாத்துக் குடுத்துருக்கலாம்ல?” கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பதில் சொல்ல வேண்டியவள் நான்தான். உப்பு எடுக்க உள்ளே போனேன்.

மெஷினை உறை போட்டு மூடியாயிற்று. உறையும் நான் தைத்த ஒட்டுத்துணிதான்.

மே 23, சனி

மதுரை போய் வந்தேன். லைனிங் துணி வாங்கப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். மூன்றாவது பொய்.

பஸ்ஸில் திருப்பத்தூர் வரைக்கும் என்ன பேசுவது என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். ஹாஸ்டல் வாசலில் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு சிமென்ட் பெஞ்சு. வரிசை எல்லாம் மறந்துவிட்டது.

நந்தினி வந்தாள். கையில் புத்தகம், விரலை நடுவில் வைத்தபடி.

“அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லையா?”

“இல்ல, இல்ல. நான்தான் வந்தேன். நந்து, அந்தச் சேலைய அப்பா எடுத்துக் குடுக்கல. நான்தான் எடுத்தேன்.”

“ம்.”

“தெரியாதுன்னு சொன்னதும்...”

“தெரியும் சித்தி.”

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். “உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம போட்டோவத் தொடைக்கிறது நீங்கதான. அந்த வீட்ல அந்தச் சேலையப் பாத்தாத் தெரியிறது ரெண்டே பேருக்குத்தான். ஒண்ணு நான். இன்னொண்ணு நீங்க.”

பெஞ்சு சுட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அழுகை இல்லை, வேர்வைதான். அழுதால் அவள் சமாதானம் சொல்ல வேண்டிவரும் என்று பயம்.

“அப்பறம் ஏன் அப்பா போன எடுக்க மாட்டேங்குற?”

“அவரு ஆமான்னாருல்ல. பாக்காமலே ஆமான்னாரு. அன்னைக்கும் பாக்காமதான எடுத்துக்கன்னு சொல்லிருப்பாரு?” புத்தகத்தை மூடினாள். “உங்க மேல கோவம் இல்லன்னு சொல்லல சித்தி. இருக்கு. ஆனா நீங்க அம்மாவ நெனச்சுக்கிட்டு அதச் செஞ்சீக. அவரு நெனைக்கவே இல்ல.”

இருபது வயசு. எங்கே கற்றாள் இதை.

“மிச்சம் இருக்கா?” என்று கேட்டாள்.

“முந்தி அப்படியே இருக்கு. ஒடம்புலயும் ரெண்டு கஜம் போல.”

“மிதியடியப் பிரிச்சுக் குடுங்க. துண்டு துண்டாவே குடுங்க. திரும்பத் தைக்காதீக. அழகாப் பண்ணித் தாரேன்னு எதையும் பண்ணாதீக.”

“சரி.”

“அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க.”

மாவடு ஊறுகாயை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். கேட் வரைக்கும் வரவில்லை.

லைனிங் துணி வாங்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

மே 24, ஞாயிறு

காலையிலிருந்து தையல் பிரிக்கிறேன். அவர் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருக்கிறார்.

இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன். நெருக்கித் தைத்திருக்கிறேன். மிதிபடுகிற சாமான், உழைக்கட்டும் என்று. பிளேடு நுனியை ஒவ்வொரு தையலுக்கு அடியிலும் விட்டு எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் துணி கிழியும். ஏற்கெனவே இரண்டு கிழிந்தன.

துண்டுகள் முப்பத்தாறு. ஓரமெல்லாம் பிசிறு. ஒன்றில் அவருடைய காயில் கட்டுகிற வார்னிஷ் கறை, போகவில்லை. இன்னொன்றில் அதற்கு முன்பே ஒரு சின்ன ஒட்டு. கையால் போட்டது, அதே நிறத்து நூல், பார்த்தால் தெரியாத மாதிரி. காந்திமதி போட்டிருப்பாள். வெட்டும்போது கண்ணில் படவில்லை.

என்னைவிட நன்றாகத் தைத்திருக்கிறாள்.

அவர் நான்கு மணிக்கு வந்தார். சொல்லவில்லை. துக்க வீட்டிலிருந்து வந்த மனுஷரிடம் என்று ஒரு சாக்கு.

மே 26, செவ்வாய்

சொன்னேன்.

கடையிலிருந்து வந்து காபி குடித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு நின்றபடியே சொன்னேன். நீங்கள் கொடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன், அவள் சேலை என்று தெரிந்தே எடுத்தேன், நந்தினியிடம் உங்கள் பெயரைச் சொன்னேன். நான்கு வாக்கியம். இவ்வளவு சின்னதா என்று இருந்தது.

“தெரிஞ்சா?” என்றார்.

“தெரிஞ்சுதான்.”

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எந்தச் சேலை அது?”

“போட்டோல கட்டியிருக்காகளே, அதுதான்.”

எழுந்து ஹாலுக்குப் போனார். பின்னாலேயே போனேன். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நேராக நின்றார். ரொம்ப நேரம்.

“நீலச் சேலைன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்” என்றார்.

அதற்கு மேல் என்னை ஒன்றும் கேட்கவில்லை. என் தப்பு அவர் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுத் தன்னுடையதை எடுத்துக்கொண்டார். அது எனக்கு மன்னிப்பு மாதிரி இல்லை.

திருச்சி ரோட்டுப் பக்கம் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஒரு மணி நேரத்தில் வந்தார். சாப்பிட்டார். “நாளைக்கு கேஸ் ஆபீஸுக்குப் போயிட்டு வந்துர்றேன்” என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே. கேஸ் புத்தகத்தைப் பற்றி இன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மே 30, சனி

மழை. கடைசியில் வந்துவிட்டது. கொடித்துணி எல்லாம் நனைந்தது.

நந்தினி பத்து மணிக்கு வந்தாள். துண்டுகளை நீவி, வெட்டாமல் மிஞ்சிய முந்தியில் சுற்றி, ஒரு துணிப்பையில் வைத்திருந்தேன். எது வெட்டுத் துண்டு, எது கிழிந்தது என்று சொன்னேன். வார்னிஷ் கறையைக் காட்டினேன். தலையாட்டினாள். அந்தச் சின்ன ஒட்டைக் காட்டியபோதுதான் துணியைக் கையில் எடுத்தாள். கட்டை விரலால் தடவிக்கொண்டே ஹாலுக்குப் போனாள்.

அவர் இன்றைக்குக் கடை திறக்கவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தார். அவளும் எதிரில் உட்கார்ந்து பையைக் கவிழ்த்தாள். அடுக்களையிலிருந்து எனக்குப் பாதிதான் கேட்டது.

“இது எதுக்கு எடுத்ததுன்னு தெரியுமா?”

“தெரியலம்மா.”

“எனக்குக் காது குத்துறதுக்கு. நீங்கதான் கூடப் போனீகளாம். கடையில தூங்கிட்டீகளாம், அம்மா சொல்லும்.”

அவர் சிரிக்கிறாரா, என்ன சத்தம் என்று தெரியவில்லை.

வெங்காயத்தை உரித்தபடியே நின்றேன். குழம்புக்கு இவ்வளவு வெங்காயம் வேண்டாம்.

“சித்தி!” நந்தினிதான். “சித்தி, இங்குட்டு வாங்க.”

“அடுப்புல பால் இருக்கு” என்றேன்.

அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை.