உள்ளே போனவர் திரும்பி வந்தார்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உயிரோடும் தெம்போடும் இருக்கிறோம், இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் பதறாமல் படி. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும், அதுதான் எங்களுக்குச் சாப்பாடு.

முகாமில் வாந்திபேதி வந்துவிட்டது. போனில் சொன்னால் பிள்ளை தூங்காது என்று அப்பா தடுத்துவிட்டார். மழையில் கழிவறைக் குழிகள் நிரம்பி எங்கள் வரிசைக் கூடாரங்களுக்கு நடுவே வழிந்தோடியது, அதன் பிறகு ஒவ்வொருவராகப் படுத்தார்கள். மருத்துவக் குழு வேலி போட்டு உள்ளே ஒரு பெரிய வெள்ளைக் கூடாரம் அடித்தது. ஆனால் முதலில் போன ரொட்டிக்கடைக்காரர் பிணமாகத்தான் வெளியே வந்தார். நோய் முற்றிய பிறகுதானே அவரைக் கொண்டுபோனார்கள், அதை யார் யோசித்தார்கள்? உள்ளே போனால் திரும்ப மாட்டார்கள் என்ற பேச்சு தீயாய்ப் பரவி, நோயாளிகளைப் போர்வைக்குள் ஒளித்து வைத்தார்கள்.

உன் அப்பாவுக்கு விடியற்காலையில் தொடங்கியது, மத்தியானத்துக்குள் கண் குழிவிழுந்து விரல் நுனியெல்லாம் சுருங்கிவிட்டது. துணியெல்லாம் அசிங்கம், இந்தக் கோலத்தில் நாலு பேர் பார்க்க என்னைத் தூக்காதே என்று முனகுகிறார். நான் கைகால் ஓடாமல் அழுதுகொண்டிருந்தேன். அப்போது எட்டிப் பார்த்தாள் பக்கத்துக் கூடாரத்து வெண்கலத் தொண்டைக்காரி, குழாயடியில் என்னோடு மல்லுக்கு நிற்கிறாள் என்று உன்னிடம் புலம்புவேனே, அவளேதான். யோவ் பெரியவரே, மானத்தப் பாத்தா உசிரு போயிரும்யா என்று அவள் போட்ட சத்தத்தில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். அவர்கள் வருவதற்குள் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாக அவர் வாயில் ஊற்றினாள்.

உள்ளே நரம்பில் மருந்துத் தண்ணீர் இறங்க இறங்க அவர் முகத்தில் உயிர் ஊறியதைக் கண்ணால் பார்த்தேனடி. அங்கே கட்டிலின் நடுவில் ஓட்டை, அடியில் வாளி. தெளிந்ததும் அப்பா நர்ஸம்மாவிடம், இப்படியொரு சிம்மாசனம் எந்த ராஜாவுக்காச்சும் கெடச்சிருக்குமா என்றாராம். அப்பா சிரித்த சிரிப்பைக் கேட்டுத்தான், வெளியே வந்திருந்த நான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

நர்ஸம்மா இவரைச் சும்மா விடவில்லை, தொண்டைக்காரியையும் சேர்த்துக் கூடாரம் கூடாரமாக அனுப்பினார். பேதின்னா ஒளிக்காதீங்க, மருந்து போட்ட தண்ணிய மட்டும் குடிங்க என்று அவள் கத்துவாள். உள்ள போய்ட்டு வந்தவன் நான், நல்லாப் பாத்துக்க என்று இவர் முன்னால் போய் நிற்பார். ஒளிந்திருந்தவர்கள் வந்தார்கள், பிழைத்தார்கள். கழிவறைகளையும் மேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். இன்று வெள்ளைக் கூடாரத்துக் கட்டில்களைக் கழுவி வெயிலில் சாய்த்திருக்கிறார்கள். எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது, ஆனால் ரொட்டிக்கடைக்காரர் மனைவி எதிரே வந்தால் என் சந்தோஷத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொள்கிறேன்.

கை கழுவாமல் குழந்தைக்கு எதையும் ஊட்டாதே, சிரிக்காதே, சொன்னதைச் செய். நோய்நொடி அண்டாமல் மூவரும் நூறாண்டு இருங்கள். ஒன்று மறந்துவிடாதே, தொண்டைக்காரிக்குச் சொந்தம் என்று யாருமில்லை. அடுத்து போன் செய்யும்போது அவளைக் கூப்பிடச் சொல்லி, சித்தி என்று பேசு. குழாயடிச் சண்டை எங்களுக்குள் இருக்கட்டும்.

உன் பிரியமுள்ள,
அம்மா