சிவப்புப் போதமலை

நேற்று ஞாயிறு. காலையில் உன் வீட்டுக்காரர் பழைய போர்வையில் சுற்றி அந்தப் படத்தைக் கொண்டுவந்தார். அவிழ்த்ததும் வண்ணம் குழைத்த ஆளிவிதை எண்ணெயின் வாடை கூடம் முழுக்கப் பரவியது. “மேல காஞ்ச மாதிரி தெரியும், உள்ள இன்னும் ஈரமுங்க. வெயில்ல வெச்சுராதீங்க,” என்றார். காபி வேண்டாமென்று கிளம்பிவிட்டார். படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, தயிர் வாங்கக் கடைக்குப் போய்வந்தேன். அழுகை வரவில்லை.

சூரமங்கலம் ரயில்வே அலுவலகத்தில் நமக்கு அடுத்தடுத்த மேசை. ஒரு மதியம் என் டிபன் பாக்ஸை நகர்த்திவிட்டு நூலகத்துப் புத்தகம் ஒன்றை விரித்தாய். நூறு வருடத்துக்கு முந்தைய வெளிநாட்டு நிலக்காட்சி ஓவியம். மரம் நீலம், வானம் மஞ்சள். சுவருக்குச் சாந்து பூசுவதுபோல் வண்ணத்தைக் கத்தியால் அப்பியிருந்தார்கள். “மலை எப்படி இருக்குதுன்னு இவன் வரையல புள்ள. பாக்கறப்ப இவனுக்குள்ள என்ன ஆச்சோ, அத வரைஞ்சிருக்கான்,” என்றாய். எனக்குப் புரியவில்லை. தலையாட்டினேன். அதன் பிறகு படம் வரைய நீயும் தூரிகையை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தாய்.

ராசிபுரத்தில் நான் வீடு கட்டியபோது, ஊரிலிருந்து தெரியும் போதமலையைக் கூடத்துக்கு வரைந்து தரச் சொன்னேன். குடிபுகும் அன்று கொண்டுவந்தாய். மலை ரத்தச் சிவப்பு, வானம் கடுகு மஞ்சள், அடிவாரத்துக் காடெல்லாம் கருப்பு. வண்ணமெல்லாம் விரல் தடிமனுக்கு.

“மலை தீப்புடிச்சுக்கிச்சுங்களா?” என்றார் என் கொழுந்தனார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நீ என் காதருகே வந்து, “ஆஸ்பத்திரியில இருந்து பஸ்ஸுல திரும்பறப்ப இப்படித்தான் தெரிஞ்சுது,” என்றாய். பந்தியில் ரசம் கேட்டுக் கூப்பிட்டார்கள். “பச்சையா மாத்திக் குடேன் புள்ள,” என்று சொல்லிவிட்டு ஓடினேன். எதற்காக ஆஸ்பத்திரி என்று கேட்கவில்லை.

படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நீண்ட விடுப்பும் போட்டாய். கோபமாக்கும் என்று நானும் வரவில்லை. நான்காம் மாதம் சாவுச் செய்திதான் வந்தது.

ஒரு நிறத்தைக்கூட நீ மாற்றவில்லை. பின்புறம் என் பெயரை மட்டும் எழுதியிருக்கிறாய்.

இன்று அலுவலகத்தில், உன் மேசைக்கு வந்திருக்கும் பெண், பிரிவில் மூத்தவளான என்னிடம் அரைநாள் விடுப்புக் கேட்டாள். “சும்மா டாக்டரப் பாக்கத்தாங்க்கா.”

பேனாவை மூடி வைத்தேன். “உக்காரு சாமி. உடம்புக்கு என்ன?”

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.