சாக்கு வியாபாரிக்கே சாக்கு

ஜூன் 3, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே புழுக்கம். விசா நேர்காணலுக்குப் புதிய தேதி கொடுப்பதை அமெரிக்கா நிறுத்திவிட்டது. கயல் ஜூலை 1 அங்கே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர வேண்டும். இன்னும் இருபத்தெட்டு நாள். ஆஸ்பத்திரிக் கடிதம் இருக்கிறது, விசாவுக்கான பாரம் இருக்கிறது, பரீட்சை மார்க் இருக்கிறது. தேதி இல்லை.

நாலு வருஷமாக அந்த ஊர்ப் பரீட்சைகளை எழுதினாள் என் மகள். மார்ச்சில் இடம் ஒதுக்கினார்கள். மூன்று வருஷப் பயிற்சி டாக்டர். ஊர்ப் பெயர் என் வாயில் நுழையவில்லை. சோளக்காடு, பனி, ஒரே ஒரு ஆஸ்பத்திரி. அந்த நாட்டில் படித்த டாக்டர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லையாம். அதனால்தான் நம் பிள்ளைகளை எடுக்கிறார்கள். கூப்பிட்டதும் அவன், கதவைச் சாத்தியதும் அவன்.

காரணம்: வருகிறவர்கள் ஃபேஸ்புக்கில் என்ன எழுதினார்கள் என்று பார்க்கப் புதுமுறை வருகிறதாம், அதுவரை பொறுக்கணுமாம். சாக்கு. முப்பத்தொரு வருஷமாகக் கீழவாசலில் சாக்கு விற்கிறேன். சணல், பிளாஸ்டிக், ஒட்டுப் போட்டது, எலி கடித்தது. அவன் விற்பது எந்த ரகம் என்று எனக்குத் தெரியாதா.

மன்னார்குடி மில்லுக்கு 40 கட்டு போச்சு. தார்ப்பாய் கிழிசல். வீட்டுக்காரி வசந்தாவுக்கு பிரஷர் மாத்திரை மறந்துவிட்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஜூன் 5, வியாழன்

வீட்டில் சொல்ல முடியவில்லை. இங்கேயாவது எழுதுகிறேன். தாமதத்துக்குப் பாதிக் காரணம் நான்.

கயலுக்கு பாஸ்போர்ட் எடுத்தபோது பாரம் நிரப்பியது நான். ‘சர்நேம்’ என்று ஒரு கட்டம். நமக்கு ஏது சர்நேம்? பேருக்குப் பின்னால் சாதியை ஒட்டும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. த. கயல்விழி. ‘த’ என்றால் தங்கராசு, நான். முடிந்தது. கட்டத்தைக் காலியாக விட்டேன்.

காலேஜ் சான்றிதழில் ‘த’ உண்டு. அதைப் பார்த்து அமெரிக்க ஆஸ்பத்திரிக்காரர்கள் கயல்விழி தங்கராசு என்று விரித்துப் பாரம் அடித்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் தங்கராசு இல்லை. பெயர் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பி, மாற்றி வாங்க மூன்று வாரம். அந்த மூன்று வாரம் இல்லையென்றால் மே மாதமே நேர்காணல் முடிந்திருக்கும்.

ஆஸ்பத்திரியின் முதல் கடிதம் ‘அன்புள்ள டாக்டர் தங்கராசு’ என்றுதான் வந்தது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் டாக்டராகிவிட்டேன் என்று அன்றைக்கு மூன்று பேரும் சிரித்தோம். மாற்றி வந்த பாரத்தில் கயல்விழி என்பதைக் கடைசிப் பெயராக்கி, முதல் பெயர் இருக்கும் இடத்தில் மூன்று எழுத்து: எஃப்.என்.யூ. முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தமாம். பெற்றவன் உயிரோடு இருக்கிறேன். என்னிடம் கேட்டால் சொல்ல மாட்டேனா?

அந்தக் கட்டத்தைப் பற்றிக் கயல் இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டினால் தேவலை.

ஜூன் 8, ஞாயிறு

டெக்சாஸிலிருந்து செல்வம் போன். வசந்தாவின் தம்பி. அங்கே குடியுரிமை வாங்கியவன், வீட்டு வாசலில் அந்த ஊர்க் கொடி கட்டியிருக்கிறான். போட்டோ அனுப்பியிருந்தான்.

ஆறுதல் சொல்வான் என்று பார்த்தால் நியாயம் பேசுகிறான். ஒரு நாடு என்றால் கட்டுப்பாடு வேண்டும், வெளியில் படித்தவர்களையே எடுத்துக்கொண்டிருந்தால் உள்ளூர்ப் பிள்ளைகள் எங்கே போகும், இப்போது வந்த சட்டம் கொஞ்சம் கடுமைதான், ஆனாலும் தேவைதான்.

“அத்தான், நான் பதினாறு வருஷம் வரிசையில நின்னவன். கண்டவனும் உள்ள வந்தா எப்படி?”

“கயலு கண்டவளா மாப்பிள்ளை?”

பொதுவாகச் சொன்னானாம். போன வருஷம் நெஞ்சு வலி என்று படுத்தாயே, யார் பார்த்தது என்று கேட்டேன். ஒரு தெலுங்கு டாக்டர் என்றான். அந்த ஆளும் கண்டவன்தானா என்றேன். வசந்தா போனைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

கும்பகோணம் டவுன் பஸ் மாதிரிதான். படியில் தொங்கி ஏறியவன்தான் அடுத்த ஸ்டாப்பில் ‘இடமில்லை, போலாம் ரைட்’ என்று முதலில் கத்துவான்.

வசந்தா போய்ப் படுத்துவிட்டாள். தயிர் சாதம், ஊறுகாய். நானே போட்டுக்கொண்டேன்.

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் திறந்தாச்சு. கல்லணைக்கு வந்து சேர நாலைந்து நாள் ஆகும். கடையில் எல்லார் முகத்திலும் கொஞ்சம் களை.

கயல் இப்போது பகலில் கடைக்கு வந்துவிடுகிறாள். தெருவில் ஆளுக்கு ஆள் ‘எப்ப பிளைட்டு’ என்று கேட்கிறார்களாம். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தடிப் புத்தகம் படிக்கிறாள். சணல் தூசி ஆகாது. தும்முகிறாள், போக மாட்டேன் என்கிறாள்.

அம்மாபேட்டை மில்காரர் சேது அண்ணன் வந்தார். இருபது வருஷ வாடிக்கை. சாக்கை உதறிப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

“கவர்மெண்ட் காலேஜ்ல படிச்ச பொண்ணு. நீ கட்டின பீசு உன் லாரி வாடகைக்குக் காணாது. எங்க ஊரு சுகாதார நிலையத்துல டாக்டர் இல்ல. அமெரிக்காக்காரனுக்கு இருமல் வந்தா உனக்கு என்ன?”

எனக்குச் சுருக்கென்றது. கயல்தான் சொன்னாள்: “அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதி லிஸ்ட்ல ரெண்டு வருஷமா நிக்கிறேன் பெரியப்பா. ஆர்டர் வாங்கிக் குடுங்க, நாளைக்கே வந்து சேர்றேன்.” அவர் சாக்கைக் கீழே வைத்தார். பேச்சை மாற்றினார்.

மாற்றியது எங்கே என்றால், அவர் வயலில் நடவு நடுகிற வடநாட்டு ஆட்கள் மேலே. வந்தமா நட்டமா போனமா என்றில்லாமல் இங்கேயே குடும்பத்தோடு தங்கிவிட்டார்களாம், ரேஷன் கார்டு கேட்கிறார்களாம், விடவே கூடாதாம். நான் ‘ஆமாண்ணே’ என்றேன். 60 கட்டு ஆர்டர்.

கடை அடைக்கும்போது கயல் கேட்டாள். “நீங்க எதுக்குப்பா ஆமாண்ணீங்க?”

வாடிக்கைக்காரரிடம் ஆமாம் போடுவது தொழில். அதைச் சொல்லாமல், ஷட்டர் மாட்டிக்கொண்டது, எண்ணெய் போடணும் என்றேன்.

நம் கடையில் மூட்டை தூக்கும் மகேந்தர் பீகார்தான். ஒன்பது வருஷம். அவன் பெண் இங்கே நாலாம் வகுப்பு, தமிழ் நோட்டுக் கொண்டுவந்து காட்டும். இதுவரை அவனுக்கு நான் ஒரு முகவரிச் சான்று எழுதிக் கொடுத்ததில்லை. நாலு தடவை கேட்டிருக்கிறான். ஏதாவது சொல்லித் தள்ளியிருக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

மகேந்தருக்குச் சான்று எழுதிக் கடை முத்திரை போட்டுக் கொடுத்தேன். ‘என்ன சேட் திடீர்னு’ என்று பார்த்தான்.

ஷட்டருக்கு எண்ணெய்.

ஜூன் 19, வியாழன்

தேதி திறந்தது! விடிந்ததிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால் கயல். 25-ஆம் தேதி, சென்னை. பிடித்துவிட்டாள்.

புது நிபந்தனை: ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றையும் பூட்டு நீக்கி ஊருக்கே தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். என்ன இருக்கிறது அதில் என்று கேட்டேன். பூனை, பிரியாணி, காலேஜ் விழா, கோடியக்கரைக்குப் போய் எடுத்த பூநாரைப் போட்டோ. அதைப் பார்க்கவா மூன்று வாரம் கடையைச் சாத்தினான்? என் கல்லாவைத் திறந்து காட்டச் சொன்னால்கூடக் காட்டுவேன். வயசுப் பெண்ணின் படங்களை எவன் எவனோ பார்க்கணுமா.

எடுத்துப் போக:
பாஸ்போர்ட்
மாற்றிய பாரம் (பழையதும்)
மார்க் எல்லாம், அசல்
ஆஸ்பத்திரி கடிதம்
என் வருமான வரி 3 வருஷம்
‘த என்றால் தங்கராசு’ – நோட்டரி எழுத்து
தண்ணீர், குடை

ஜூன் 26, வியாழன்

சென்னையிலிருந்து காலையில் வந்தோம். உழவன் எக்ஸ்பிரஸ், உட்கார்ந்தே வந்தேன்.

நேற்று நடந்தது: அமெரிக்கத் தூதரகத்துக்கு உள்ளே என்னை விடவில்லை. மேம்பாலத்துக்குக் கீழே நாலு மணி நேரம். என்னை மாதிரி முப்பது அப்பன்கள், எல்லார் கையிலும் பிளாஸ்டிக் ஃபைல். காவேரித் தண்ணீருக்குக்கூட நான் இப்படிக் காத்திருந்ததில்லை.

கயல் வெளியே வந்தாள். ஜன்னலில் இருந்த ஆள் இரண்டே கேள்வி கேட்டானாம். எந்த ஆஸ்பத்திரி? பயிற்சி முடிந்ததும் திரும்பி வருவாயா? வருவேன் என்றாளாம். ஒரு கலர்த் தாளைக் கொடுத்தான். மேற்கொண்டு பரிசீலனை. எத்தனை நாள் என்று சொல்ல மாட்டானாம். பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டான்.

சரக்கு வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல். எடுத்து வேறு இடத்தில் போடுவோம். வாங்கவும் மாட்டேன், திருப்பியும் தர மாட்டேன் என்று எந்தச் சந்தையில் பேசுகிறார்கள்?

ஜூலை 1, செவ்வாய்

இன்றைக்கு அவள் அங்கே வெள்ளைக் கோட்டுப் போட்டிருக்க வேண்டும். கடையில் உட்கார்ந்து ஒட்டுப் போட்ட சாக்கு எண்ணினாள். ஆஸ்பத்திரி 15-ஆம் தேதி வரை இடத்தை வைத்திருக்குமாம். நல்ல மனுஷர்கள்தான், அவர்கள் கையில் ஒன்றுமில்லை.

ஜூலை 16, புதன்

இடம் போச்சு.

ஆஸ்பத்திரி அம்மா வீடியோவில் பேசினார். நான் பின்னால் நின்றேன். இரண்டு டாக்டர்கள் இப்படி வந்து சேரவில்லை, இருக்கிறவர்கள் இரட்டை டூட்டி பார்க்கிறார்கள் என்றார். அவருக்கே கண் கலங்கியிருந்தது. இந்த வருஷத்துக்கு உன் பெயரை நீக்கிவிட்டோம், ஆனால் நடுவில் யாராவது விலகினால் உடனே கூப்பிடுவோம், அப்போது விசா கையில் இருக்க வேண்டும் என்றார். விசாவோ இன்னும் பரிசீலனையில்.

அங்கே நோயாளிக்கு டாக்டர் இல்லை. இங்கே டாக்டருக்கு வேலை இல்லை. செல்வம் மெசேஜ்: ‘எல்லாம் நல்லதுக்கே அத்தான்.’ அழித்தேன்.

கயல் அழுதாள். மாவு அரைக்கிற சத்தத்தில் கேட்காது என்று நினைத்து.

கட்டத்தைக் காலியாக விட்டது நான்தான் என்று இன்றைக்குச் சொல்லிவிட்டேன். “தெரியும்பா. பாரத்துல உங்க கையெழுத்துதானே” என்றாள். மாவை வழித்துப் போட்டுவிட்டு மறுபடி அரைத்தாள்.

ஜூலை 18, வெள்ளி

லேசான தூறல். மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நாற்பது படுக்கை. முதலாளி டாக்டருக்கு ஆள் தேவை. நானும் கயலும் போனோம்.

ஐயா காபி வரவழைத்தார். நல்லாப் பேசினார். அப்புறம், அசல் சான்றிதழ் எல்லாவற்றையும் ஆபீஸில் ஒப்படைக்கணும் என்றார். இரண்டு வருஷம் கழித்துத்தான் கிடைக்குமாம். “எல்லாரும் குடுக்கிறதுதாங்க. இல்லாட்டி விசா வந்த மறுநாள் பறந்துடுறாங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அங்கே பாஸ்போர்ட் போச்சு, இங்கே சான்றிதழா? மனுஷியை வேலைக்கு எடுக்கிறீர்களா, அடமானம் பிடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. எழுந்திருக்கப் போனேன். கயல் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“சார், அசல் தர மாட்டேன். நகல் தர்றேன். விசா வந்தா அன்னைக்கே போயிடுவேன், அதை மறைக்கல. ஆர்டர்ல எழுதிடுங்க. அதுக்கு என்ன குறைக்கணுமோ குறைச்சுக்கங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். எத்தனையோ பேரம் பேசியிருக்கிறேன், இதில் வாயைத் திறக்கவில்லை.

முடிந்தது இப்படி: அசல் எங்களிடம். வாரம் ஆறு நாள். முதலில் சொன்ன சம்பளம் அறுபதாயிரம். விசா வந்த அன்றே போகலாம் என்று ஆர்டரில் ஒரு வரி சேர்க்க, மாதம் பதினைந்து குறைத்தார். நாற்பத்தைந்தாயிரம், திங்கட்கிழமை காலை எட்டு மணியிலிருந்து.