மருமகளுக்கு மாத்திரை வாங்கினவன்

10 மார்ச் 2025
எனக்குக் கையெழுத்துகூட வராது. நான் பேச, போன் எழுதிக்கொள்கிறது. மருமகள் சரண்யாவோடு சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களை வைத்து ஆராய்ச்சி. டாக்டரம்மா சொன்னது அப்படியே காதில் இருக்கிறது: "இந்த மாத்திரையால சிலருக்கு ரத்தத்துல துரு மாதிரி ஒண்ணு ஜாஸ்தியாகுது. கூட வைட்டமின் சி, ஈ குடுத்தா கொறையுதான்னு பாக்கறோம். மாத்திரைய மட்டும் நிறுத்தக் கூடாது." துரு எனக்குத் தெரியாதா? செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனியில் முப்பது வருஷம் குழாய் சுரண்டினவன்.

14 மார்ச்
வெயில். ஒன்றுமில்லை.

17 மார்ச்
சரண்யா வைட்டமின் மட்டும்தான் விழுங்குகிறாள். கருத்தடை அட்டையைக் காணோம். கேட்டால் தலை குனிகிறாள். மகன் கதிர்வேல்தான் சொன்னான்: "ரத்தம் கெடுதுன்னு ஆஸ்பத்திரி தாள்லயே போட்டிருக்குப்பா. நாலு நாளாச்சு, தூக்கிப் போட்டுட்டேன். வைட்டமினே போதும்."

பி.எஸ்சி. படித்தவன்! தாளில் பாதியோடு நிறுத்திவிட்டான். இரண்டும் பெண்ணாகப் போனதில் இவனுக்கு அவசரமோ?

போன பிரசவத்தில் அவளுக்கு ஏழு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இப்போதைக்கு இன்னொன்று தாங்காது என்றார்கள். இவன் அம்மா மங்கலம் மூன்றாவது பிரசவத்தில் போனாள். எண்பத்தொன்பது ஐப்பசி, வெள்ளிக்கிழமை, மழை. இவனுக்கு மூன்று வயது. இவன் மறந்திருக்கலாம். நான் மறக்கமாட்டேன்.

18 மார்ச்
முதல் பஸ்ஸில் சிதம்பரம். நர்ஸ் பிரிசில்லா சொன்னாள்: "இன்னைக்கே புது அட்டை ஆரம்பிக்கணும் தாத்தா. ஒரு வாரம் புருசன் தள்ளி இருக்கணும். அட்டை முடிஞ்சும் பீரியட்ஸ் வரலேன்னா கூட்டிட்டு வாங்க."

மருமகள் துணி காயும் பக்கம்கூட மாமனார் போகாத வீடு எங்களுடையது. கடலூர் மெடிக்கலில் பத்துப் பேர் நடுவில் சத்தமாகக் கேட்டேன். எங்கள் ஊர் குடிகாட்டுத் தேவநாதன் இளித்தான்.

"என்ன மச்சான், இந்த வயசுலயா?"

"எனக்கில்ல மச்சான், எம் மருமவளுக்கு. குடிகாடு பூரா போயி சொல்லு."

மகனிடமும் சொன்னேன். "ஒரு வாரம் எம் பக்கத்துல பாயப் போடு."

"அசிங்கமா பேசாதப்பா."

"அசிங்கந்தான். அன்னைக்கு ஒங்கம்மாகிட்ட இந்த அசிங்கத்தப் பேசியிருந்தா இன்னைக்கு இருந்திருப்பா."

பாயைப் போட்டான்.

26 மார்ச்
பாயைச் சுருட்டிக்கொண்டு போனான். இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகிறான்.

10 ஏப்ரல்
அட்டை முடிந்து மூன்று நாள். அவளுக்கு இன்னும் வரவில்லை. கதிர்வேல் தட்டில் சோறு அப்படியே கிடக்கிறது. பயம். பயப்படட்டும். எனக்கு மட்டும் இல்லையா?

11 ஏப்ரல்
காலையில் சரண்யா என் எதிரே நிமிர்ந்து நின்றாள். "வந்துடுச்சு மாமா."

இந்த வீட்டில் எந்தப் பெண்ணும் மாமனாரிடம் சொன்னதில்லை. "நல்லதும்மா" என்றேன்.

கதிர்வேல் சட்டையை மாட்டினான். "அடுத்த அட்டைய நான் வாங்கியாறேன்பா."

"கூட்டம் இருக்கறப்ப கேளு" என்றேன்.