குட்டிப்படம் வராத ஒரு வீடியோ

மச்சி,

உன் வீட்டிலிருந்து வந்து கை கழுவிய பிறகும் விரலில் மருக்கொழுந்து வாசம். மாட வீதியில் பூக்கட்டி முடித்த கையோடு உன் அம்மா தினமும் அந்த விசைப்பலகையைத் தொடுகிறாள்.

பழைய கம்ப்யூட்டர்தானே என்று, நோயில் படுத்தபடியே நீ லினக்ஸ் போட்டு, உன் படங்களை ஏற்றிக்கொடுத்தாய். "எனுக்கு எய்தப் படிக்கத் தெரியாதேடா" என்றவளிடம், "எய்தே வாணாம்மா. மூஞ்சியப் பாரு, ரெண்டு தட்டு தட்டு, நான் பெருசா வந்துருவேன்" என்றாய். செத்த பிறகும் அப்படியே வந்துகொண்டிருந்தாய். படங்களுக்குப் பெயர் வைக்க மட்டும் உனக்கு உடம்பு வணங்கவில்லை. எல்லாம் வெறும் எண்கள். பெரிய மேதாவி.

நேற்று அந்த லினக்ஸைப் புதுப் பதிப்புக்கு மாற்றிக் கொடுத்தேன். இன்று காலை போன். "நைனா, இன்னா பண்ண என் புள்ளைய? ஒரு மூஞ்சியும் இல்ல, எல்லாம் வெள்ளக் காயிதமா கீது."

ஓடினேன். படங்கள் பத்திரமாக இருந்தன, திறக்கும் முன்பே உள்ளே இருப்பதைக் காட்டும் குட்டிப்படங்கள்தான் வரவில்லை. தேங்கிக் கிடந்த பழைய குட்டிப்படங்களை அழித்துப் பார்த்தேன். அசையவில்லை. அமைப்புகளை மாற்றினேன். ம்ஹூம். கடைசியில் பார்த்தால், குட்டிப்படம் போடுகிற நிரலே கழன்று போயிருந்தது. படத்துக்கு ஒன்று, வீடியோவுக்கு ஒன்று என்று இரண்டு நிறுவினேன். ஒவ்வொன்றாக முளைத்தாய். அம்மா திரைக்குத் திருஷ்டி கழித்து நெட்டி முறித்தாள். எனக்கும் பெருமைதான்.

"இத்து எப்ப எட்த்தது?" என்று கடைசிக் கட்டத்தைத் தொட்டாள். மூக்கில் குழாயோடு நீ. நேற்று வரை வெறும் பிலிம் சுருள் சின்னமாகக் கிடந்த வீடியோ அது. அந்தக் கோலத்தில் உன்னைப் பார்க்க வேண்டாமென்று நான் கையைப் பிடிப்பதற்குள் தட்டிவிட்டாள்.

"ம்மா, கேஸ் டிரபிள்னு சொன்னது பொய்மா. டாக்டரு கைய விரிச்சிட்டாரு. கொஞ்ச நாளுதான்..." அதோடு வீடியோ நின்றுவிட்டது.

வீடியோவுக்கு மட்டும் ஏன் குட்டிப்படம் வரவில்லை என்று நீ இருக்கும்போது ஒருமுறை உன்னைக் கேட்டேன். "வாணாம் மச்சி, மூஞ்சி தெரிஞ்சாத்தான் அம்மா தொறக்கும்" என்றாய். சோம்பேறித்தனத்துக்குச் சாக்கு என்று நினைத்தேன். பாவி, வேண்டுமென்றேதான் அந்த நிரலைப் போடாமல் விட்டிருக்கிறாய்; வீடியோவை அழிக்கவும் மனமில்லை, காட்டவும் துணிவில்லை உனக்கு. என்னிடமும் அதே கேஸ் டிரபிள் கதையைத்தானே அளந்தாய்?

அம்மா அழவில்லை. "தெரிஞ்சிருந்தா கடைய சாத்திட்டு அவங்கூடவே குந்திகினு இருந்திருப்பேனே. பூ வித்துகினு இருந்தேன்டா நானு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "படிக்காதவதானே, இவுளுக்கு இன்னா புரியும்னு ரெண்டு பேரும் பேசி வெச்சிகினீங்களா?"

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

"அவனும் இப்டித்தான் சத்தியம் பண்ணான். கெளம்பு."

கிளம்பி வந்துவிட்டேன். நாளைக்கும் அந்த வீடியோவைத்தான் தட்டுவாள். உன்னோடு சேர்த்து என்னையும் வைவாள். கொஞ்ச நாளில் உன்னை மன்னித்துவிடுவாள், செத்தவனாயிற்றே. நான் உயிரோடு இருக்கிறேன், மச்சி.